வாசகர் கேள்வி–பதில்: லாரிச் சரக்கும் அதைக் கட்டும் பொறுப்பும்

சரக்கு வாகனங்கள் பற்றிய ஐயங்களை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லைசென்ஸ், பெர்மிட் பற்றியவையாக இல்லாமல், லாரியிலிருந்து சரக்கு சரிந்தும் விழுந்தும் நேரும் விபத்துகளைப் பற்றியே இருந்தன. நூற்பாலையும் கல்குவாரியும் இரும்புப் பட்டறையும் தென்னந்தோப்பும் ஒரே நெடுஞ்சாலையைப் பங்கிட்டுக்கொள்ளும் கொங்கு வட்டாரத்தில் இது வியப்பன்று. ஒரே பொருளுள்ள கடிதங்களை இணைத்து, எழுதியவர்களின் பெயரை விடுத்து ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் தருகிறோம்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. சூலூரிலிருந்து பல்லடம் சாலையில் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். முன்னால் நூல் மூட்டையோ இரும்போ ஏற்றிய லாரி போனால் அடிவயிறு கலங்குகிறது. எவ்வளவு தூரம் விட்டுப் போனால் பயமில்லாமல் போகலாம்? (சூலூர்)

பதில்: அம்மா, லாரியின் மேலடுக்கில், தரையிலிருந்து ஏறக்குறைய 3.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு மூட்டை நழுவினால் அது தரையைத் தொட ஒரு விநாடிகூட ஆகாது. அதைக் கண்டு, ஆபத்து என்று உணர்ந்து, உங்கள் கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒன்றரை விநாடி கழிந்துவிடும். நீங்கள் 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அந்த ஒன்றரை விநாடியில் 21 மீட்டர் ஓடியிருப்பீர்கள். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க, சாலை ஈரமில்லாமல் இருந்தாலும், இன்னும் 17 அல்லது 18 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 40 மீட்டர். இதை மீட்டரில் அளந்துகொண்டு போக யாராலும் முடியாது என்பதால் விநாடியில் அளப்பதே நல்லது. லாரியின் பின்பகுதி ஒரு மின்கம்பத்தைக் கடந்த பிறகு நீங்கள் அதே கம்பத்தைக் கடக்க 3 விநாடி ஆக வேண்டும். மழையானால் அதையே 5 ஆக்கிக்கொள்ளுங்கள். இடைவெளி விட்டால் அதில் வேறொரு வண்டி வந்து நுழையும் என்பீர்கள். நுழையட்டும், நீங்கள் மீண்டும் பின்வாங்கிக்கொள்ளுங்கள், அதனால் பள்ளிக்கு வருகை நேரம் தவறிவிடாது.

தூரத்தைவிட முக்கியமான ஒன்று, நீங்கள் லாரிக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பது. சரக்கு நேராகப் பின்னால் விழுவதைவிடப் பக்கவாட்டில் சரிவதே மிகுதி. வளைவிலும் ரவுண்டானாவிலும் அது வளைவின் வெளிப்புறமாகவே சரியும். லாரி வலப்புறம் திரும்பினால் இடப்புறம் ஆபத்து. நம்மூரில் ஸ்கூட்டர்கள் ஒதுங்கிப் போவதும் அந்த இடப்புறம்தான். ஆகவே வளைவு முடியும்வரை லாரியின் பக்கத்தில் போகாதீர்கள். தார்ப்பாயின் ஒரு முனை மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தால் உள்ளே கயிறு தளர்ந்திருக்கிறது என்று பொருள். சரக்கின் ஒரு பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தாலும், கயிற்றின் நுனி சாலையில் இழுபட்டு வந்தாலும் அந்த வண்டியை முந்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். ஓரமாக நின்று அதைப் போகவிடுங்கள்.

கேள்வி: சொந்தமாக மூன்று லாரிகள் ஓட்டுகிறேன். லோடு ஏற்றியதும் கயிறு கட்டி, படுதா போட்டுத்தான் அனுப்புகிறோம். அப்படியிருந்தும் வழியில் லோடு நகர்ந்துவிடுகிறது. டிரைவர் வேகமாக ஓட்டுவதுதான் காரணமா? அல்லது கட்டில் குறையா? (சங்ககிரி)

பதில்: வேகத்துக்கும் பங்கு உண்டு. ஆயினும் உங்கள் கடிதத்தில் நீங்கள் விவரித்திருக்கும் மூன்று நிகழ்வுகளிலும் (வார்ப்பிரும்பு ஒருமுறை, பஞ்சுப் பேல் இருமுறை) குறை கட்டில்தான் இருக்கிறது என்றே தோன்றுகிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சரக்கின் மேல் குறுக்காகப் போட்டு இறுக்கும் கயிறு அதைப் பிடித்து நிறுத்துகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது சரக்கைத் தரைப்பலகையோடு அழுத்த மட்டுமே செய்கிறது. அந்த அழுத்தத்தால் கூடும் உராய்வுதான் சரக்கை நிறுத்துகிறது. சரக்கு கட்டுவதற்கு ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் தரவிதி, திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சரக்கு தன் எடையில் 80 விழுக்காடு விசையோடு முன்னோக்கியும், வளைவில் 50 விழுக்காடு விசையோடு பக்கவாட்டிலும் தள்ளும் என்று கணக்கிட்டுக் கட்டச் சொல்கிறது. உங்கள் 10 டன் வார்ப்பிரும்பை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். முன்னோக்கிய தள்ளுவிசை 8 டன். இரும்புக்கும் பலகைக்கும் இடையே உராய்வு எடையில் 30 விழுக்காடு என்று கொண்டால் 3 டன்னைத் தரையே தாங்கிவிடும். மீதி 5 டன்னைக் கட்டு தாங்கியாக வேண்டும். ஒரு ராட்செட் பெல்ட்டை (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டையை) 300 கிலோ இழுவிசை வரும்வரை இறுக்கினால் இரு பக்கமும் சேர்ந்து 600 கிலோ அழுத்தம் கிடைக்கும். அதில் 30 விழுக்காடான 180 கிலோ மட்டுமே சரக்கை நிறுத்த உதவும். 5,000 கிலோவை 180-ஆல் வகுத்தால் 28 பெல்ட்டுகள் வேண்டும்! எந்த லாரியிலும் இத்தனை பெல்ட் போடுவதில்லை, போடவும் இயலாது.

ஆனால் அதே சரக்கின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டு உராய்வை 60 விழுக்காடாக்கினால் 6 டன்னைத் தரையே தாங்கும். மீதியுள்ள 2 டன்னுக்கு 6 பெல்ட்டுகள் போதும். இதற்கு மேலும் ஒரு காப்பு அளவைக் கூட்டிக்கொள்வது முறை. ரப்பர் விரிப்புக்குச் செலவாவது ஒருமுறைதான். அதை வாங்கச் சொன்னால் முகம் சுளிக்கும் உரிமையாளர்கள் வண்டியின் நெற்றியில் ஒட்டும் அலங்கார விளக்குகளுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. கையால் இழுத்து முடிச்சுப் போடும் நைலான் கயிற்றைப் பொறுத்தவரை, எவ்வளவு வலுவான ஆள் இழுத்தாலும் மேலே சொன்ன 300 கிலோ இழுவிசை கிடைக்காது. மேலும் நைலான் நீளும் தன்மையுள்ளது. வெயிலில் கிடந்து நரைத்த கயிறு இன்னும் மோசம்.

இரண்டாவது, கயிறு இறங்கும் சாய்வு. கயிறு செங்குத்தாக இறங்கும்போதுதான் முழு அழுத்தமும் கிடைக்கும். அது தரையோடு 30 பாகை மட்டுமே சாய்ந்து இறங்கினால் அழுத்தம் பாதியாகிவிடும். உயரமாக அடுக்கிய பஞ்சுப் பேலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இரும்புத் தகடு, கிரானைட் பலகை போன்று கனமாகவும் தாழ்வாகவும் கிடக்கும் சரக்கில் கயிறு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். பார்வைக்கு ஒழுங்காகக் கட்டியதுபோல் இருக்கும். பயன் பாதிகூட இராது. எடை மிகுந்த சரக்கே இப்படிக் குறைந்த பிடிப்போடு போகிறது.

மூன்றாவது, முன்பலகைக்கும் சரக்குக்கும் இடையே விடும் இடைவெளி. எடை பின் ஆக்சிலின் மேல் சரியாக இறங்க வேண்டும் என்பதற்காகச் சரக்கைச் சற்றுப் பின்தள்ளி அடுக்குவது நியாயமே. அப்படியானால் அந்த இடைவெளியை மரச்சட்டம் கொடுத்து அடைக்க வேண்டும். சும்மா விட்டால் தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் நீண்ட இறக்கத்தில், பிரேக்கை மாற்றி மாற்றி மிதிக்கும்போதெல்லாம் சரக்கு கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிக் கடைசியில் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். இரும்புச் சுருளானால் இருபுறமும் ஆப்புக்கட்டையை ஆணியடித்து நிறுத்திய பிறகே சங்கிலி போட வேண்டும். சங்கிலி மட்டும் போதாது.

பஞ்சுப் பேல், நூல் மூட்டை, வைக்கோல், தேங்காய் நார் ஆகியவற்றின் குணம் வேறு. இவை ஓட்டத்தில் அதிர்ந்து அமுங்கும். சரக்கு நான்கு விரற்கடை அமுங்கினால் இறுக்கமாக இருந்த கயிறு தொங்கலாகிவிடும். கட்டியவர் சரியாகத்தான் கட்டியிருப்பார். ஒரு மணி நேரத்தில் அந்தக் கட்டு கட்டாக இராது. அமெரிக்காவில் புறப்பட்ட முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள், வண்டியை நிறுத்திக் கட்டைச் சோதிக்க வேண்டும் என்பது டிரைவருக்கான விதி. நம் சாலைகளின் வேகத்தடைகளையும் குண்டு குழிகளையும் கருதினால் அதுவே அதிக தூரம். திருப்பூரில் ஏற்றிப் பெருமாநல்லூர் வழியாகச் சேலம் நோக்கிப் போகும் வண்டியானால் விஜயமங்கலம் டோல்கேட்டைத் தாண்டியதும் ஓரங்கட்டி, இறங்கி, ஒவ்வொரு கயிற்றையும் கையால் தட்டிப் பார்த்து மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள். கால் மணி நேர வேலை இது. டிரைவர் இதைச் செய்ய வேண்டுமானால் அந்தக் கால் மணி நேரத்தை நீங்கள் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்; "ஏன் லேட்டு" என்று போனில் துரத்திக்கொண்டே சோதிக்கவும் சொன்னால் எது நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: 2020-இல் எங்கள் ஊருக்கு அருகே கன்டெய்னர் லாரி பேருந்தில் மோதிப் பலர் இறந்தார்கள். கன்டெய்னர் லாரிகள் சரியாகப் பூட்டப்படுகின்றனவா? (அவிநாசி)

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 2020 பிப்ரவரி 20 அன்று விடியற்காலை, டைல்ஸ் ஏற்றிவந்த கன்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டிக் கேரள அரசுப் பேருந்தின் மேல் மோதி 19 பேர் இறந்த விபத்து. ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் என்று அப்போது பேசப்பட்டது. எனவே அதைக் கட்டுப் பிசகின் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வி வலுவானது. கன்டெய்னரை டிரெய்லரோடு பிணைப்பவை நான்கு மூலைகளிலும் உள்ள சுழல் பூட்டுகள். அவற்றை மூலை ஓட்டைக்குள் விட்டுக் கால் சுற்றுத் திருப்பினால்தான் பூட்டு விழும். துருப்பிடித்துத் திரும்பாத பூட்டு, உடைந்துபோய்க் கம்பியால் சுற்றி வைத்த பூட்டு ஆகியவற்றோடு வண்டிகள் துறைமுகம் வரை போய் வருகின்றன. நான்கில் இரண்டு விழுந்தால் போதும் என்பது தவறு; வளைவில் எடை முழுவதும் ஒரு பக்கமாகச் சாயும்போது அந்தப் பக்கத்துக்கு எதிரே உள்ள பூட்டுகள்தாம் பெட்டியைப் பிடித்திருக்க வேண்டும்.

பெட்டியின் உள்ளே இருக்கும் சரக்கையும் கட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கதவைச் சாத்திச் சீல் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். உள்ளே சரிந்து கதவோடு சாய்ந்து நிற்கும் அட்டைப்பெட்டிகளும் பேல்களும், போய்ச் சேருமிடத்தில் கதவைத் திறக்கும் தொழிலாளியின் மேல் விழுகின்றன.

கேள்வி: நூற்பாலை ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை செய்கிறேன். கேட்டைத் தாண்டிய பிறகு சரக்கு லாரிக்காரர் பொறுப்பு என்பதே எங்கள் நிர்வாகத்தின் நிலை. வழியில் மூட்டை விழுந்து யாருக்காவது அடிபட்டால் எங்களைக் கேட்க முடியுமா? (பல்லடம்)

பதில்: கேட்க முடியும், கேட்கவும் வேண்டும் என்பது என் கருத்து.

சட்டத்தின் சொற்களையே பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, எடை மிகுந்த வண்டியை ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே தண்டிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் உண்டு. சரக்கு வண்டியின் பக்கவாட்டிலோ முன்னோ பின்னோ, உயரத்திலோ அளவு மீறி நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் 20,000 ரூபாய். அங்கும் ஓட்டச் செய்கிறவர் என்ற சொல் இருக்கிறது. எடை மேடையில் எடை கூடுதலாகக் காட்டியும் லோடு சீட்டில் கையெழுத்திட்டு அனுப்புகிறவர் இந்தச் சொல்லுக்குள் வரமாட்டார் என்று எப்படி வாதிடுவது? உயிர்ச்சேதம் நேர்ந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு ஸ்டீயரிங்கைப் பிடித்தவருக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியின் வணிகச் சட்டம் இதைத் தெளிவாகவே பிரித்திருக்கிறது: சரக்கைப் பயணத்துக்குத் தாங்கும்படி அடுக்கிக் கட்டுவது அனுப்புகிறவரின் கடமை, ஏற்றிய பிறகு வண்டி பாதுகாப்பாக ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது வண்டிக்காரரின் கடமை.

நம் வழக்கம் நேர்மாறானது. எடைக்கு எடை மேடை இருக்கிறது. ஆவணத்துக்கு இ-வே பில் இருக்கிறது. கட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு ஆள்கூட இல்லை. உங்கள் ஆலையின் கேட் பாஸை எடுத்துப் பாருங்கள். வண்டி எண், டிரைவர் லைசென்ஸ், மூட்டை எண்ணிக்கை, எடை, சீல் எண், நேரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். கட்டு பார்க்கப்பட்டது என்பதற்கு ஒரு கட்டம் இருக்காது. லோடுமேன்களுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை விரைவாக ஏற்றுகிறார்களோ அத்தனை வரும்படி. கட்டும் வேலை டிரைவரும் கிளீனரும் இருட்டில் செய்வது. இப்போது பல வண்டிகளில் கிளீனரே இல்லை. மேலடுக்கில் நிற்பவர் "எறங்கற எடம் வரைக்கும் தாங்குமுங்க, போலாங்க" என்று குரல் கொடுத்ததும் வண்டி கிளம்பிவிடுகிறது. அந்தக் குரல்தான் நம்மிடமுள்ள ஒரே தரச்சான்று.

பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை இறக்கைகள் போவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னும் பின்னும் துணை வண்டி, இறக்கைக்கென்றே செய்த தாங்கி, ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு பொறியாளரின் கையெழுத்து. சேதமானால் இழப்பு கோடிக்கணக்கில் என்பதால் அனுப்புகிற நிறுவனம் அத்தனை பாடுபடுகிறது. நூல் மூட்டைக்கு அத்தனை வேண்டாம். கேட் பாஸில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். வண்டி கிளம்பும்முன் நான்கு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வண்டி எண்ணோடு பதிவு செய்யுங்கள். நரைத்த கயிற்றோடு வரும் வண்டியைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் இல்லாத அதிகாரம் மாதக் கடைசியில், அனுப்ப வேண்டிய டன் பாக்கி இருக்கும்போது செல்லாது. நாளை ஒரு வழக்கு வந்தால் அந்தப் படங்கள் உங்கள் ஆலையையும் காக்கும் என்று நிர்வாகத்திடம் சொல்லிப் பாருங்கள். மனித உயிரைப் பற்றிச் சொல்வதைவிட அது விரைவில் எடுபடலாம்.

கேள்வி: கட்டுமானக் கம்பிகளைக் குட்டியானையில் ஏற்றி, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் சிவப்புத் துணி கட்டிப் போகிறார்கள். துணி கட்டினால் சட்டப்படி சரியா? (வெள்ளகோவில்)

பதில்: சரியன்று. முன்பு வண்டியின் பின்புறம் 1 மீட்டர் வரை கம்பி, குழாய் போன்றவை நீட்டிக்கொண்டிருக்க விதியில் இடம் இருந்தது. நீட்டிய கம்பிகளில் மோதிப் பலர் உயிரிழந்ததையொட்டி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2014-இல் மத்திய அரசு அந்தச் சலுகையை நீக்கிவிட்டது. சிவப்புத் துணி எச்சரிக்கைதானே தவிர அனுமதியன்று. இரவில் அந்தத் துணி கறுப்பாகவே தெரியும். கம்பியின் நுனி பின்னால் வருபவரின் கண்ணுக்கு நேராக இருப்பதால், அவருக்கு அது ஒரு சிறு புள்ளியாக மட்டுமே புலப்படும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மூளையால் கணிக்க முடியாது.

கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. குட்டியானையின் தொட்டி அதில் கால் பங்குகூட இல்லை. கடையிலேயே பாதியாக மடக்கி வாங்கினாலும் 6 மீட்டர் நிற்கும். எனவே இரும்புக்கடையில் தேவையான அளவுக்கு வெட்டி வாங்குவது அல்லது நீளமான வண்டியில் மொத்தமாக வரவழைப்பது என்ற இரண்டே வழிகள்தான் உண்டு. வாடகையில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வீடு கட்டுகிறவரே குட்டியானையைக் கேட்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் வருபவருக்கு மட்டும் ஆபத்து என்று நினைக்காதீர்கள். கேபினின் கூரைமேல் சாய்த்துக் கட்டிய கம்பி, திடீர் பிரேக்கில் முன்னோக்கிப் பாய்ந்தால் எதிரே நிற்பவரையும், தொட்டிக்குள் கிடக்கும் கம்பி பாய்ந்தால் டிரைவரையும் துளைக்கும்.

கேள்வி: மாட்டுக்கு வைக்கோல் வாங்குகிறோம். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வரும் வைக்கோல் லாரிகள் எங்கள் தோட்டத்துத் தடத்தில்தான் கரண்ட் கம்பியில் உரசித் தீப்பிடிக்கின்றன. நெடுஞ்சாலையில் அத்தனை தூரம் வந்தபோது பிடிக்காதது ஏன்? (காங்கேயம்)

பதில்: கம்பியின் உயரம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதே காரணம். மின்பாதுகாப்பு விதிகளின்படி தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டரிலும், 11 ஆயிரம் வோல்ட் கம்பி 6.1 மீட்டரிலும் இருக்க வேண்டும். தெருவல்லாத இடங்களில், அதாவது தோட்டம், காடு, மேட்டாங்காடு போன்றவற்றில், உறையில்லாத கம்பிக்கு 4.6 மீட்டரே போதும். கோடையில் கம்பி இன்னும் தொய்யும். தடத்தில் மண் கொட்டி மேடாக்கியிருந்தால் அதுவும் குறையும். நெடுஞ்சாலைக் கம்பிக்கு அடியில் தப்பி வந்த வைக்கோல் போர் உங்கள் தோட்டத்துக் கம்பியில் மாட்டிக்கொள்கிறது. வண்டி வருவதற்கு முன்பே தடத்தில் எந்த இடத்தில் கம்பி தாழ்வாக இருக்கிறது என்று பார்த்து, அதற்கு முன்னாலேயே வைக்கோலை இறக்கிக்கொள்ளுங்கள். மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடித்து வண்டியை விடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பச்சை மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும்.

கம்பி வண்டியைத் தொட்டபடி இருந்தால் டிரைவர் இறங்கக் கூடாது. தீ பரவி இறங்கியே ஆக வேண்டுமானால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களை ஒட்டியபடியே தத்தித் தத்தி விலக வேண்டும். வைக்கோல் லாரி இருபுறமும் பிதுங்கி 2.6 மீட்டர் என்ற சட்ட அகலத்தைத் தாண்டுவதும், டிரைவரின் பக்கக் கண்ணாடியை அது மறைப்பதும் வேறு தொல்லை. முந்துகிறவரை அவர் பார்க்கவே முடியாது என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

கேள்வி: ஜல்லி டிப்பர்கள் சாலையெல்லாம் சிந்திக்கொண்டே போகின்றன. யாரிடம் புகார் செய்வது? (மதுக்கரை)

பதில்: வண்டி எண்ணும் நேரமும் தெரியும் படத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுங்கள். தேசிய நெடுஞ்சாலையானால் 1033 என்ற எண்ணுக்குச் சொன்னால் சிந்திய ஜல்லியை அகற்ற ஆள் அனுப்புவார்கள். குவாரியின் கேட்டிலேயே தார்ப்பாய் போடாத வண்டியை விடாதிருந்தால் இந்தப் புகாருக்கே வேலையிருக்காது. பின்கதவின் கொக்கி தேய்ந்த டிப்பர் தார்ப்பாய் போட்டாலும் அடியில் சிந்தும் என்பதையும் புகாரில் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: பைக்கில் போன என் தம்பியின் மேல் லாரியிலிருந்து மூட்டை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. லாரி நிற்காமல் போய்விட்டது. லாரி மோதவே இல்லை, மூட்டைதானே விழுந்தது, இழப்பீடு கிடைக்காது என்கிறார்கள். உண்மையா? (பெருந்துறை)

பதில்: உண்மையன்று, அம்மா. சட்டம் கேட்பது வாகனம் மோதியதா என்பதையன்று. வாகனத்தின் பயன்பாட்டிலிருந்து விபத்து விளைந்ததா என்பதைத்தான். மகாராஷ்டிரத்தில் 1987-இல் பெட்ரோல் டேங்கர் ஒன்று லாரியோடு உரசிக் கவிழ்ந்து, சில மணி நேரம் கழித்து வெடித்துப் பலர் இறந்த வழக்கில், அந்த வெடிப்பும் வாகனப் பயன்பாட்டிலிருந்து விளைந்ததே என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. ஓடும் லாரியிலிருந்து விழுந்த மூட்டைக்கு அதைவிட நேரடியான தொடர்பு இருக்கிறது. கட்டு சரியில்லை என்பதைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் உங்கள் தம்பிக்குத் தர வேண்டியதை மறுக்கவும் இயலாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு நிறுவனத்துக்கு அனுமதிக்கும் எதிர்வாதங்களில் அது இல்லை.

உங்கள் சிக்கல் லாரியைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அந்த மூட்டை இப்போது எங்கே? அதுவே முதல் சாட்சி. நூல் மூட்டையானால் சாக்கின்மேல் ஆலையின் அடையாளமும் நூலின் கவுண்ட்டும் (பருமனைக் குறிக்கும் எண்) லாட் எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த லாட் எந்த நாளில் எந்த வண்டியில் ஏறியது என்பது ஆலையின் பதிவேட்டில் உண்டு. மூட்டையைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, அந்த எழுத்துகளை முதல் தகவல் அறிக்கையில் அப்படியே குறிப்பிடச் செய்யுங்கள். விபத்து நடந்த நேரத்தை ஒட்டி டோல்கேட் கேமரா, பாஸ்டேக் பதிவு ஆகியவற்றை எடுக்கும்படி காவல்துறைக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். கேமராப் பதிவுகள் நாளாக ஆக அழிக்கப்பட்டுவிடும் என்பதால் இதை இந்த வாரமே செய்யுங்கள்.

லாரி கிடைத்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். கிடைக்காவிட்டால் 161-ஆம் பிரிவின்கீழ், மோதிவிட்டுத் தப்பிய வண்டிகளுக்கான திட்டத்தில், 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தொகையைப் பெற்ற பிறகு லாரி கண்டுபிடிக்கப்பட்டாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பெற்ற தொகையை மட்டும் கழித்துக்கொள்வார்கள். மருத்துவமனை அளித்த காயச் சான்று, எக்ஸ்ரே, செலவுச் சீட்டுகள், தம்பி வேலைக்குப் போகாத நாள்களுக்கான கம்பெனிக் கடிதம் ஆகியவற்றின் மூலப்படிகளை யாரிடமும் கொடுத்துவிடாமல் நகல்களை மட்டும் இணையுங்கள்.